புகார்க் கடிதம் யாருக்கு? ஜொகூர் பாருவின் நகரச் சேவை வரலாறு



தமிழ்ப்பள்ளியில் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தவிர்க்க முடியாத தலைப்பு ஒன்று உண்டு. 'உன் குடியிருப்புப் பகுதியில் குப்பைகள் ஒழுங்காக அகற்றப்படுவதில்லை. அது குறித்து நகராண்மைக் கழகத் தலைவருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதுக.' நான் மாணவனாக இருந்தபோது இதை எழுதினேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இதற்குப் பாடத்திட்டம் தயாரித்தேன். ஆசிரியரான பின்பு எத்தனை முறை திருத்தினேன் என்பதற்குக் கணக்கில்லை. அனுப்புநர், பெறுநர், 'ஐயா', 'மேற்கண்ட விவகாரம் தொடர்பாக', 'தாங்கள் விரைந்து நடவடிக்கை எடுப்பீர்கள் என நம்புகிறேன்' என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் முழு மதிப்பெண்.

சில காலத்திற்கு முன்பு இதே பயிற்சியை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தேன். எல்லாரும் குப்பையைப் பற்றி எழுதியிருக்க, ஒரு மாணவி மட்டும் மின்தூக்கியைப் பற்றி எழுதியிருந்தாள். அவள் குடியிருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில் மின்தூக்கி பல மாதங்களாக ஓடவில்லை என்றும், ஒன்பதாவது மாடியிலிருந்து பாட்டி கீழே இறங்கி நெடுநாள் ஆகிறது என்றும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அப்பாவும் சித்தப்பாவும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில், 'ஆசிரியரே, இதை வகுப்பில் படிக்க வேண்டாம்' என்று பென்சிலால் ஒரு வரி.

அவளுடைய தந்தை மகளை அழைத்துச் செல்ல வந்தபோது, இக்கடிதத்தை உண்மையாகவே அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பெரிய இடத்துக்கெல்லாம் எழுதி நமக்கேன் சார் வம்பு?" என்றார்.

அன்றிரவு அக்கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. பெறுநர் முகவரியில் அவள், நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தபடியே, 'தலைவர், ஜொகூர் பாரு நகராண்மைக் கழகம்' என்று எழுதியிருந்தாள். ஜொகூர் பாரு 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே மாநகர் ஆகிவிட்டது. அங்கே இருப்பது மாநகர் மன்றம். அதன் பொறுப்பாளர் மேயர். அது போகட்டும். அடுக்குமாடியின் மின்தூக்கி மாநகர் மன்றத்தின் நேரடிப் பொறுப்பே அன்று. என் பழைய மாதிரிக் கடிதத்தில் இருந்த குப்பையும் 2011ஆம் ஆண்டுக்குப் பின் அவர்கள் நேரடியாக அள்ளுவதன்று. ஆண்டுக்கணக்கில் நான் பிள்ளைகளைத் தவறான கதவைத் தட்டப் பழக்கியிருக்கிறேன்.

சரியான கதவு எது என்று தேடப்போய், ஒரு நூற்றாண்டு வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வாரியங்களின் காலம்

ஜொகூர் பாரு 1855ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் காலத்தில் தோன்றிய ஊராகும். அவருடைய மகன் அபூபக்கார் 1866ஆம் ஆண்டு அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். சிங்கப்பூரை இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டபோது, இவ்வூர் வணிகமும் நெரிசலும் மிகுந்த எல்லை நகரமாக மாறியிருந்தது.

அக்கால மலாய் மாநிலங்களில் நகரை நிர்வகித்த அமைப்பின் பெயரைக் கவனித்தால் அதன் நோக்கம் விளங்கும். கோலாலம்பூரில் 1890ஆம் ஆண்டு அமைந்ததற்குப் பெயர் 'சுகாதார வாரியம்'. காலரா, மலேரியா, பெரியம்மை ஆகியவற்றின் அச்சமே நகராட்சியைப் பிறப்பித்தது. சாக்கடை, மலக்கழிவு, சந்தை, கசாப்புக்கூடம், தெருவிளக்கு ஆகியவை அதன் பணிகள். பிற்காலத்தில் இவ்வகை அமைப்புகள் 'நகர வாரியம்' எனப் பெயர் மாறின. உறுப்பினர்கள் அதிகாரிகளும், அரசு பொறுக்கியெடுத்த வணிகப் பிரமுகர்களும் ஆவர். வரி செலுத்தியவர்கள் பலர். வாய் திறக்கும் உரிமை பெற்றவர்கள் சிலர்.

பினாங்கின் ஜோர்ஜ்டவுன் இதற்கு விலக்கு. அங்கே 1857ஆம் ஆண்டிலேயே வரி செலுத்துவோர் நகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். அந்த உரிமையும் 1913ஆம் ஆண்டு பறிபோயிற்று.

எல்லைக்கு வெளியே நம்மவர்

இந்தக் கதையில் நம்மவர் எங்கே என்று கேட்கலாம். ஜொகூர் தமிழரில் பெரும்பாலோர் நகர எல்லைக்கு வெளியே, தோட்டங்களில் இருந்தனர்.

தோட்டம் என்பது தனியார் நிலம். அங்கே சாலை, குடிநீர்க் குழாய், விளக்கு, லயத்து வீடு, சாக்கடை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. வாரியமோ மன்றமோ உள்ளே வராது. நான் பிறந்தது கூலாய் வட்டாரத்துத் தோட்டமொன்றில். 1980களின் நடுப்பகுதியிலும் எங்கள் லயத்திற்கு ஒரு பொதுக்குழாய்தான். மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வரும்; இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். குழாய் பழுதானால் என் தாத்தா கிராணியிடம் போய், தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். கிராணிக்கு மனமிருந்தால் அது துரையின் காதுக்கு எட்டும்.

இதில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. தோட்டத்தில் வீடு கொடுத்தவரும் தண்ணீர் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் ஒருவரே. தண்ணீரைப் பற்றிப் புகார் சொல்வது முதலாளியைப் பற்றிப் புகார் சொல்வதாகும். வேலை போனால் வீடும் போகும். ஆகவே சேவை என்பது உரிமையாக இல்லாமல் சலுகையாக, தயவாக இருந்தது. தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் விரிவான ஒரு சட்டமும் வந்தன. ஆனால் அவையும் பொறுப்பை முதலாளியிடமே வைத்தன.

"நமக்கேன் வம்பு" என்னும் சொல் சோம்பலில் பிறந்ததாக நான் கருதவில்லை. அது மூன்று தலைமுறை கற்ற பாடம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது பாய், பாத்திரம், சாமிப்படத்தோடு அந்தப் பாடத்தையும் நாம் கொண்டுவந்துவிட்டோம்.

வாக்குச்சீட்டு வந்தது, போனது

மலாயாவில் 1950ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. 1951ஆம் ஆண்டு டிசம்பரில் ஜோர்ஜ்டவுனிலும், 1952ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோலாலம்பூரிலும் தேர்தல் நடைபெற்றது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1955ஆம் ஆண்டில்தான் நடந்தது. ஆக, மலாயா மக்கள் நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் முன்பே, சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் வாக்களித்துப் பழகினர் எனலாம். 1957ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டி.எஸ். இராமநாதன் என்னும் தமிழர்.

இந்தோனேசியாவுடனான 'கொன்ஃப்ரொந்தாசி' மோதல் காலத்தில், 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம், அவசரகால விதிகளின்கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தார். 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மோதல் முடிவுக்கு வந்தது. தேர்தல் திரும்பவில்லை.

மற்றொரு காரணமும் பேசப்பட்டது. சில மன்றங்களில் முறைகேடுகள் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜோர்ஜ்டவுன், சிரம்பான், பத்து பகாட் ஆகியவற்றோடு நம் ஜொகூர் பாரு நகர மன்றமும் அப்பட்டியலில் இருந்தது. நான்கில் இரண்டு ஜொகூரைச் சேர்ந்தவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் என்பதாலேயே அது தூய்மையாக இருந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

இந்நிலையில்தான் 1965ஆம் ஆண்டு ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் வழக்கறிஞரும் மேலவை உறுப்பினருமான ஆதி. நாகப்பன். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதியாக விளங்கிய ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் பலருக்கு நினைவு வரும். ஜோர்ஜ்டவுன் முன்னாள் மேயர் இராமநாதனும் ஆணையத்தில் ஓர் உறுப்பினர். கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பன் பெயரில் சாலையொன்று இருக்கிறது. அதன் வழியே வாகனத்தில் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் செய்த பணி தெரியும்?

ஆணையத்தின் முன் நின்ற காட்சி குழப்பமானது. அன்று தீபகற்ப மலேசியாவில் 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. மாநகர் மன்றம், நகராண்மை, நகர மன்றம், நகர வாரியம், புறநகர் மாவட்ட மன்றம், புதுக்கிராமங்களின் உள்ளூர் மன்றம் என ஆறு வகைகள். பலவற்றுக்குத் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கவே பணம் போதவில்லை. ஆணையம் 1968ஆம் ஆண்டு டிசம்பரில் தன் அறிக்கையை நிறைவு செய்தது. சிறு அமைப்புகளை இணைத்து வலுப்படுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தேர்தல் முறை தொடர வேண்டும் என்பது மற்றொன்று. முறைகேடு செய்த மன்றங்களைத் திருத்த வேண்டுமேயன்றி, மக்களின் உரிமையை நீக்கக்கூடாது என்பதே அதன் நிலைப்பாடு.

அரசாங்கம் முதற் பரிந்துரையை ஏற்றது; இரண்டாவதை ஏற்கவில்லை. 1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்திற்குப் பிந்தைய சூழலில் மேலுமொரு தேர்தல் களத்தை அது விரும்பவில்லை. 1973ஆம் ஆண்டின் இடைக்காலச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் அமைப்புகளை இணைத்தன. தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஜொகூர் பாரு 1977ஆம் ஆண்டு நகராண்மைக் கழகம் ஆயிற்று. என் மாதிரிக் கடிதத்தில் பிடிவாதமாக இருந்த பெயர் அப்போது பிறந்ததுதான்.

பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012ஆம் ஆண்டு ஒரு மாநிலச் சட்டம் இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் அம்முயற்சியை நிராகரித்தது. 2018ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் பேச்சு மீண்டும் எழுந்து அடங்கியது.

சட்டம் எஞ்ச வைத்தவை

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேயர் அல்லது தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அவ்வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். நடைமுறையில், மாநிலத்தை ஆளும் கட்சிகளின் பரிந்துரையே பெரும்பாலும் நியமனமாகிறது. உறுப்பினர்களில் நல்லவரும் உழைப்பவரும் உண்டு. ஆனால் அவர் மீண்டும் பதவிக்கு வருவாரா என்பதை முடிவு செய்வது நம் தெரு அன்று.

எனினும் அதே சட்டம் நமக்குச் சில உரிமைகளை எஞ்ச வைத்திருக்கிறது. அவற்றை நம்மில் பலர் அறியோம்.

முதலாவது, முழுமன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, 'சுக்காய் பிந்து' என்று நாம் அழைக்கும் மதிப்பீட்டு வரி. மற்ற தீபகற்ப மாநிலங்களில் இவ்வரி வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜொகூரில் மட்டும் நிலமும் கட்டடமும் சேர்ந்த மேம்பட்ட மதிப்பே அடிப்படை. மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. மாநில அரசு அக்காலத்தை நீட்டிக்கலாம். புதிய பட்டியல் வரும்போது உரிமையாளர் குறித்த காலத்திற்குள் எழுத்து வழி ஆட்சேபம் தெரிவிக்கலாம். முடிவில் உடன்பாடில்லையெனில் உயர்நீதிமன்றம் வரை செல்லலாம். அறிவிப்புக் கடிதம் மலாய் மொழியில் வருகிறது. அதைப் படிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வரி கூடியதும் வருந்துவோர் நம்மிடையே பலர்.

சேவைகள் சிதறிய கதை

1976ஆம் ஆண்டில் மன்றத்திடம் இருந்த பணிகள் பல இன்று அதனிடம் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கழிவுநீர்ச் சேவை கூட்டரசின் அதிகாரத்திற்குச் சென்றது. ஜொகூரின் குடிநீர் 1990களில் நிறுவனமாக்கப்பட்டுப் பின் தனியார்மயமானது. திடக்கழிவு நிர்வாகம் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, ஜொகூரும் அதில் இணைந்தது. அன்றுமுதல் வீட்டுக் குப்பை அகற்றுவது உரிமம் பெற்ற நிறுவனத்தின் பணி. கண்காணிப்பது கூட்டரசின் கழகம். வாரத்தில் இருமுறை பொதுக்குப்பை, ஒருமுறை மறுசுழற்சிப் பொருள் என்பது ஏற்பாடு. 2015ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பதும் கட்டாயமாயிற்று.

அடுக்குமாடிக்கோ இன்னொரு சட்டம். 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, மின்தூக்கி, படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகிய பொதுச்சொத்துக்கு வீட்டு உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பே பொறுப்பு. அதைக் கண்காணிப்பவர் கட்டட ஆணையர். அவருடைய அலுவலகம் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்திலேயே இயங்குகிறது.

இப்படி ஒவ்வொரு மாற்றத்திற்கும் தனித்தனியே நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பதாவது மாடியில் இருக்கும் பாட்டிக்குக் கிடைப்பது என்ன? மன்றத்திற்குத் தொலைபேசினால் 'எங்கள் துறையன்று' என்பார்கள். அதுவும் பொய்யன்று. ஒருமுறை எங்கள் தாமானில் அடைத்துக்கொண்ட கால்வாய்க்காக நானே மூன்று அலுவலகங்களை அழைத்திருக்கிறேன். மூவரும் மரியாதையாகவே பேசினர். கால்வாயைக் கடைசியில் அண்டை வீட்டு அண்ணனும் நானும் சேர்ந்து சுத்தம் செய்தோம்.

எண்ணுவதும் கேட்பதும்

மக்கள் நிறைவாக வாழ்கிறார்களா என்பதை அளக்க நம் நாடு முயலாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு பொருளாதாரத் திட்டப் பிரிவு முதன்முறையாக மலேசிய வாழ்க்கைத்தரக் குறியீட்டை வெளியிட்டது. வருமானம், வேலைச்சூழல், போக்குவரத்து, சுகாதாரம், கல்வி, வீடு, சுற்றுச்சூழல், குடும்பம், சமூகப் பங்கேற்பு, பொதுப் பாதுகாப்பு எனப் பத்துத் துறைகள். 1990ஆம் ஆண்டு நிலையோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு கணக்கிடப்பட்டது.

பயனுள்ள முயற்சிதான். ஆனால் இது பெரும்பாலும் எண்ணிப் பார்க்கும் முறை. கேட்டுப் பார்க்கும் முறையன்று. எத்தனை பேருக்கு ஒரு மருத்துவர் என்று எண்ணிவிடலாம். கட்டடத்தில் எத்தனை மின்தூக்கி என்றும் எண்ணிவிடலாம். ஓடாத மின்தூக்கியும் எண்ணிக்கையில் ஒன்றுதான். வகுப்பறையிலும் நாம் இதே தவற்றைச் செய்கிறோம் அல்லவா? வருகைப் பதிவேட்டில் எல்லாரும் இருப்பார்கள். பாடம் புரிந்தவர் எத்தனை பேர் என்பதை அப்பதிவேடு சொல்லாது.

பாசிர் கூடாங்கின் கதை இதற்குத் தக்க சான்று. 1977ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு ஜூன் வரை அத்தொழில்நகரை நிர்வகித்தது மாநில அரசின் வணிகக் கழகம். ஒரு நகரத்திற்கே ஒரு நிறுவனம் பொறுப்பு. தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய ஏற்பாடாகத் தோன்றாது. 2008ஆம் ஆண்டு ஜூலையில்தான் அங்கே நகராண்மைக் கழகம் அமைந்தது.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் யாரோ சட்டவிரோதமாக இரசாயனக் கழிவைக் கொட்டினர். முதலில் மயங்கி விழுந்தவர்களுள் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் இருந்தனர். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். மார்ச் 13ஆம் தேதி பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடக் கல்வியமைச்சு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் மாணவர்கள் மீண்டும் மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2020ஆம் ஆண்டு நவம்பரில் பாசிர் கூடாங் மாநகரானது. ஊர் மாநகராவதை நான் குறை கூறவில்லை. மக்கள்தொகையும் வருவாயும் அத்தகுதியைத் தரும். ஆனால் சாளரத்தைத் திறந்தால் மூச்சு விட முடியுமா என்பதை அங்குள்ள தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும்.

அண்டை ஊர்களின் அனுபவம்

தேர்தல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படிச் சொல்ல வரலாறு இடம் தரவில்லை. பாலத்தின் மறுகரையிலுள்ள சிங்கப்பூரில், முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் 1957ஆம் ஆண்டு பதவியேற்றது. 1959ஆம் ஆண்டு அதன் பணிகளை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. பின் வீடமைப்பு வாரியமும் அமைச்சுகளும் அப்பணிகளைத் திறம்பட நடத்தின. ஆனால் 1980களின் பிற்பகுதியில் அவர்களே 'நகர மன்றம்' என்னும் பெயரில், நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஓர் அமைப்பை மீண்டும் கொண்டுவந்தனர். அடுக்குமாடியின் மின்தூக்கிக்கும் தாழ்வாரத்திற்கும் வாக்குக் கேட்பவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் தத்துவம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 1688ஆம் ஆண்டு தோன்றிய அம்மாநகராட்சி, 1973ஆம் ஆண்டு முறைகேட்டுப் புகாரின்பேரில் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடக்க 1996ஆம் ஆண்டு ஆயிற்று. இருபத்து மூன்று ஆண்டுகள் அதிகாரிகளே ஆண்டனர். அக்காலத்தில் கூவம் மணக்கத் தொடங்கிவிடவில்லை என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, தேர்தல் தானாகச் சேவையைத் தராது. தேர்தல் இல்லாமையும் தானாகத் தூய்மையைத் தராது. இவ்விரண்டிற்கும் அடியில் இன்றியமையாத ஒன்று உண்டு. குறையை உரியவரிடம் உரிய முறையில் தொடர்ந்து சொல்லும் மக்கள் வேண்டும். அப்படிச் சொல்பவருக்குத் தீங்கு வராது என்னும் உறுதியும் வேண்டும். ஆதி. நாகப்பன் ஆணையம் காக்க விரும்பியதும் இதைத்தான் என்பது என் எண்ணம்.

மீண்டும் அந்தக் கடிதம்

அந்த மாணவியின் தந்தையை மறுமுறை சந்தித்தபோது, நான் அறிந்ததைச் சொன்னேன். அடுக்குமாடி நிர்வாக அமைப்பு ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். கணக்கைக் காட்டியாக வேண்டும். குழு உறுப்பினர்களை உரிமையாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநகர் அளவில் நாம் இழந்த வாக்குச்சீட்டு, நம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கூட்டத்திற்கு ஏழு நாள் முன்னர்ப் பராமரிப்புக் கட்டணப் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை.

அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மின்தூக்கி ஓடலன்னு நான் பணம் கட்டறத நிறுத்திட்டேன் சார்" என்றார். அவரைப்போல் அந்தக் கட்டடத்தில் பலர். கட்டணம் வராததால் பழுதுபார்க்கப் பணமில்லை; பழுதுபார்க்காததால் கட்டணம் வருவதில்லை. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தாத்தா காலத்தில் நம்மிடம் எதிர்ப்பு இருந்ததே இல்லையா? வேலைக்குப் போகாமல் இருப்பதும், வாய்மூடிப் பணம் கட்டாமல் இருப்பதும் குரலற்றவரின் எதிர்ப்புதான். ஆனால் அந்த எதிர்ப்பு யாருடைய காதிலும் விழுவதில்லை. சுமையோ பாட்டியின் மீது விழுகிறது.

அவர் பாக்கியைத் தவணையாகக் கட்டத் தொடங்கினார். கூட்டத்திற்கும் சென்றார். பாக்கி முழுதும் தீராததால் வாக்களிக்க இயலவில்லை. எனினும் கணக்கறிக்கையின் ஒரு படியைக் கேட்டு வாங்கி வந்தார். அதை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க இயலாது. இரு மின்தூக்கிகளில் ஒன்று இப்போது ஓடுகிறது. மற்றொன்று இன்னும் ஓடவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நான் என் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது புகார்க் கடிதம் கற்பிக்கும் முன் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதுகிறேன்: 'இது யாருடைய பொறுப்பு?' சாலைக்குழி, மின்தூக்கி, குப்பை, குடிநீர், ஆற்றுத் தூய்மை என ஒவ்வொன்றையும் எடுத்து, மாணவர்கள் பெற்றோரிடம் கேட்டு வருகிறார்கள். பெற்றோருக்கும் தெரிவதில்லை, தேடுகிறார்கள். கடிதத்தைத் தமிழில் எழுதிய பின், அதையே மலாய் ஆசிரியரின் துணையோடு மலாயிலும் எழுதுகிறோம். தேதி, இடம், எத்தனை நாளாகக் குறை நீடிக்கிறது என்னும் விவரம் இல்லாமல் 'நடவடிக்கை எடுங்கள்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை.

பெற்றோர்களே, மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் பிரித்துப் படியுங்கள். அடுக்குமாடிக் கூட்டத்திற்கு அழைப்பு வந்தால் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவள் பின்வரிசையில் அமர்ந்து, தன் அப்பா எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதைப் பார்க்கட்டும். என் தாத்தா கிராணியின் முன் நின்ற நிலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் மாணவர்கள் வேறு காட்சியைப் பார்த்து வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த மாணவியின் கடிதத்தை அவள் விருப்பப்படி நான் வகுப்பில் படிக்கவில்லை. பெறுநர் முகவரியை மட்டும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிழை அவளுடையதன்று, என்னுடையது என்பதால் மதிப்பெண் குறைக்கவில்லை.